எத்தனை கிரெடிட் சேர்ந்தா பிஜி டிகிரி கைக்கு வரும்? வடசென்னை வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சு பார்த்தா காலேஜ் கிரெடிட் பத்தின கேள்விதான் குவிஞ்சு கிடக்கு. எண்ணூர்ல ஆரம்பிச்சு பெரம்பூர் வரைக்கும் ஒரே குழப்பம். எழுதினவங்கள்ல நிறைய பேர் வீட்டுல முதல் ஆளா பிஜி படிக்கிற பசங்க, இதெல்லாம் எடுத்து சொல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, காலேஜ்ல சேர்ந்த வாரத்துல ஒரு தடவை சொல்லியிருப்பாங்க, அன்னிக்கு லீவு போட்டிருந்தா அதோட போச்சு. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: எம்.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன் மேடம். எழுதின எல்லா பேப்பரும் பாஸ், சராசரி 68 வருது. வேற டிபார்ட்மென்ட் பேப்பர் ஒண்ணு நான் எடுக்கவே இல்ல, அதனால டிகிரி வராதுன்னு ஃப்ரெண்ட் சொல்றா. எல்லாம் பாஸ் ஆனவளுக்கு எப்படி டிகிரி குடுக்காம இருப்பாங்க?
— மாணவி, புதுவண்ணாரப்பேட்டை

உங்க ஃப்ரெண்ட் சொல்றது சரிதான்மா. பயமுறுத்துறதுக்கு சொல்லல, இன்னும் கையில டைம் இருக்குறப்பவே தெரிஞ்சுக்கிட்டா சரி பண்ணிடலாம்னுதான் முதல் கேள்வியா உங்களோடதை எடுத்தேன். முன்னாடி எல்லாம் ரெண்டு வருஷம் படிச்சு எல்லா பேப்பரும் பாஸ் பண்ணினா எம்.ஏ., அவ்ளோதான். இப்போ அப்படி இல்ல. விருப்பப் பேப்பரை நாமளே தேர்ந்தெடுக்குற சிபிசிஎஸ்னு சொல்ற முறை வந்தப்புறம் டிகிரிக்கு கணக்கு பாக்குறது கிரெடிட்டை வெச்சு. ஒவ்வொரு பேப்பருக்கும் இத்தனை கிரெடிட்னு இருக்கும், அதுல பாஸ் ஆனா அந்த கிரெடிட் உங்க கணக்குல ஏறும், கடைசியில மொத்தம் ரெகுலேஷன்ல, அதாவது உங்க படிப்புக்கான விதி புத்தகத்துல, சொன்ன நம்பரை தொட்டிருக்கணும். நம்ம பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜ்கள்ல ரெண்டு வருஷ பிஜிக்கு அது 90ஐ ஒட்டி வரும், காலேஜுக்கு காலேஜ், சேர்ந்த வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும், உங்க பேட்ச்சோட நம்பர் உங்க ரெகுலேஷன்ல இருக்கும்.

இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. மொத்த நம்பர் வந்தா மட்டும் போதாது, எந்தெந்த பிரிவுல எவ்ளோன்னு உள்ளுக்குள்ளயும் கணக்கு இருக்கு. கோர் பேப்பர், எலெக்டிவ், உங்க டிபார்ட்மென்ட்டுக்கு வெளிய எடுக்க வேண்டிய பேப்பர், சாஃப்ட் ஸ்கில், இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா குறைஞ்சபட்சம் வெச்சிருப்பாங்க. கோர்ல நீங்க எவ்ளோ மார்க் எடுத்தாலும் சரி, எலெக்டிவ் கூடுதலா ஒண்ணு எழுதினாலும் சரி, வெளி டிபார்ட்மென்ட் பேப்பரோட இடம் காலியாவேதான் இருக்கும். உங்களுக்கு நடந்திருக்கிறது இதுதான்னு நினைக்கிறேன். பாஸ் ஆன பேப்பர் எல்லாம் பாஸ்தான், அதை யாரும் பறிக்க மாட்டாங்க, ஆனா லிஸ்ட்ல ஒரு பேப்பர் எழுதவே இல்ல.

இப்போ பண்ண வேண்டியது என்னன்னா, நாளைக்கே டிபார்ட்மென்ட்ல உங்க பேட்ச்சோட ரெகுலேஷன் காப்பி கேளுங்க, சேர்ந்த வருஷம் பாத்து கேளுங்க, போன பேட்ச் காப்பியை வெச்சுக்கிட்டு கணக்கு போட்டா தப்பா போயிடும். ஒரு நோட்டுல செமஸ்டர் வாரியா எடுத்த பேப்பர், அதோட கிரெடிட், எந்த பிரிவுன்னு எழுதி அந்த லிஸ்ட்டோட ஒத்து பாருங்க. குறையுறது எதுன்னு தெரிஞ்சதும் ஹெச்.ஓ.டி. கிட்ட போயி, இந்த செமஸ்டர்லயே அந்த பேப்பரை சேர்த்து எடுக்க அனுமதி இருக்கான்னு எழுத்துல கேளுங்க. வாய்ல கேட்டுட்டு வந்துடாதீங்க, லெட்டரா குடுத்து ஒரு காப்பியில கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க. கடைசி செமஸ்டர் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டுற தேதிக்குள்ள இது முடிஞ்சாகணும், அந்த தேதி தாண்டினா அடுத்த வாய்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

கேள்வி: அக்கா, நான் எம்.காம்., இன்டர்னல்ல 25க்கு 25 வாங்கினேன், எக்ஸ்டர்னல்ல 75க்கு 34. ரெண்டும் சேர்த்து 59 வருது, பிஜிக்கு பாஸ் மார்க் 50தானே, அப்புறம் ஏன் அரியர்னு போட்டிருக்கு? அந்த பேப்பரோட நாலு கிரெடிட் போச்சா?
— மாணவர், வியாசர்பாடி

தம்பி, இது உங்களுக்கு மட்டும் இல்ல, யூஜி முடிச்சு வந்த உடனே நிறைய பசங்க இதுல தடுக்கி விழுறாங்க. யூஜில 40 எடுத்தா பாஸ், பிஜில 50. அந்த 50 ரெண்டு இடத்துல இருக்கணும், மொத்தத்துலயும் 50 சதவீதம், எக்ஸ்டர்னல்ல தனியாவும் 50 சதவீதம். 75ல பாதி முப்பத்தேழரை, அதாவது 38 எடுத்திருக்கணும், நீங்க எடுத்தது 34. இன்டர்னல் முழு மார்க்கும் வாங்கியிருக்கீங்க, அது நல்ல உழைப்பு, ஆனா எக்ஸ்டர்னல்ல குறையுற அந்த நாலு மார்க்கை அது நிரப்பாது.

கிரெடிட் போயிடல, இன்னும் வரல, அவ்ளோதான். அரியர் பேப்பருக்கு இப்போ கணக்குல பூஜ்யம், திரும்ப எழுதி பாஸ் ஆன அன்னிக்கு நாலும் முழுசா ஏறும், லேட்டா பாஸ் பண்ணினதால அதுல குறைக்க மாட்டாங்க. 50 மார்க்ல பாஸ் ஆனவருக்கும் 95 எடுத்தவருக்கும் கிரெடிட் ஒண்ணுதான், வித்தியாசம் எல்லாம் கிரேடுல. ஆனா டிஸ்டிங்ஷன், ரேங்க் இதுக்கெல்லாம் பொதுவா முதல் தடவையிலயே பாஸ் ஆகியிருக்கணும்னு கேப்பாங்க, அதை மனசுல வெச்சுக்கோங்க. 34 வந்தது சரியா இல்லைன்னு உங்களுக்கு தோணினா, முதல்ல விடைத்தாள் காப்பி வாங்கி பாருங்க, அப்புறம் ரீவேல்யுவேஷனுக்கு போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க. அதுக்கான கடைசி தேதி ரிசல்ட் வந்து சில நாள்லயே முடிஞ்சுடும், தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: நான் காசிமேட்டுல போட்ல போறவன்மா, பெருசா படிக்கல. எம் பொண்ணு எம்.எஸ்சி. படிக்குது. மார்க் ஷீட்ல 6.75ன்னு போட்டிருக்கு. பத்துக்கு ஆறுன்னா கம்மி மார்க்கா? அது கிட்ட கேட்டா நல்ல மார்க்குதான்னு சொல்லுது.
— தந்தை, காசிமேடு

அண்ணே, பொண்ணு சொல்றது உண்மை. 6.75ன்னா சுமாரா 67, 68 மார்க், ஃபர்ஸ்ட் க்ளாஸ். மனசு நிறைஞ்சு சந்தோஷப்படலாம். இந்த கேள்வியை வெக்கப்படாம கேட்டு எழுதினீங்க பாருங்க, அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும், ஏன்னா படிச்ச வீட்டுலயும் இந்த கணக்கு பல பேருக்கு தெரியாது.

எப்படி வருதுன்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன், பொண்ணையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க. ஒரு செமஸ்டர்ல நாலு பேப்பர்னு வெச்சுக்குவோம். நாலு கிரெடிட் பேப்பர்ல 62, இன்னொரு நாலு கிரெடிட்ல 71, மூணு கிரெடிட் பேப்பர்ல 55, ரெண்டு கிரெடிட் சாஃப்ட் ஸ்கில்ல 90. மார்க்கை மட்டும் கூட்டி நாலால வகுத்தா 69.5 வரும். கிரெடிட் முறையில அப்படி பாக்க மாட்டாங்க. 62ஐ 6.2ன்னு எடுத்து நாலால பெருக்கினா 24.8, 7.1ஐ நாலால பெருக்கினா 28.4, 5.5ஐ மூணால பெருக்கினா 16.5, ஒன்பதை ரெண்டால பெருக்கினா 18. எல்லாம் கூட்டினா 87.7, மொத்த கிரெடிட் 13, வகுத்தா 6.75. சாஃப்ட் ஸ்கில்ல 90 எடுத்தாலும் அது ரெண்டு கிரெடிட் பேப்பர்ங்கிறதால பெருசா தூக்கி விடல, நாலு கிரெடிட் பேப்பர்தான் முடிவை இழுத்துட்டு போகுது. அதனால படிக்க நேரம் கம்மியா இருந்தா கிரெடிட் கூடுதலா இருக்குற பேப்பருக்கு முதல்ல உக்காரணும்னு பொண்ணு கிட்ட சொல்லுங்க. சில யுனிவர்சிட்டில 60ல இருந்து 69 வரைக்கும் மொத்தமா ஒரே பாயிண்ட்னு ஸ்லாப் வெச்சு குடுப்பாங்க, அங்க விடை கொஞ்சம் மாறும், பெருக்கி வகுக்குற முறை இதேதான்.

கேள்வி: ஒரு கிரெடிட்னா எத்தனை மணி நேரம்? எங்க காலேஜ்ல வாரம் ஆறு மணி நேரம் க்ளாஸ் நடக்குற பேப்பருக்கு நாலு கிரெடிட்தான், இது ஏமாத்துறதா?
— மாணவி, கொருக்குப்பேட்டை

இல்லம்மா. யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடுற மத்திய அமைப்பான யூஜிசி வெச்சிருக்கிற அடிப்படை, ஒரு செமஸ்டர் முழுக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் தியரி க்ளாஸ் இருந்தா 1 கிரெடிட், லேப்னா ரெண்டு மணி நேரத்துக்கு 1 கிரெடிட். அது குறைஞ்சபட்ச கணக்கு. நம்ம காலேஜ்கள்ல டைம் டேபிள் நிரப்பி நடத்துறதால நேரம் கூடுதலா ஓடும், கிரெடிட் சிலபஸ் போட்டவங்க நிர்ணயிச்சபடியே நிக்கும். 2023ல வந்த தேசிய கிரெடிட் ஃப்ரேம்வொர்க்ல க்ளாஸ், வீட்டுல படிக்கிறது, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்து 30 மணி நேரத்துக்கு 1 கிரெடிட், வருஷத்துக்கு 40 கிரெடிட்னு போட்டிருக்காங்க.

கேள்வி: ஸ்வயம்ல, என்பிடெல்ல கோர்ஸ் முடிச்சா பிஜி கிரெடிட்ல சேர்த்துக்குவாங்களா? ஒரு கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வெச்சிருக்கேன், காலேஜ்ல சேர்க்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.
— மாணவர், திருவொற்றியூர்

ஸ்வயம்னா மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளம், என்பிடெல் அதுல ஐஐடிகள் சேர்ந்து நடத்துற கோர்ஸ். சேர்க்கலாம்னு விதி இருக்கு. 2021ல வந்த யூஜிசி ரெகுலேஷன்படி ஒரு செமஸ்டர்ல இருக்குற பேப்பர்கள்ல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம் வழியா எடுக்க யுனிவர்சிட்டி அனுமதிக்கலாம். என்பிடெல்ல 12 வாரம் ஓடுற கோர்ஸ்னா 3 கிரெடிட், 8 வாரம்னா 2, 4 வாரம்னா 1. வீடியோ பாத்து முடிச்சா மட்டும் கிரெடிட் இல்ல, நேர்ல சென்டருக்கு போய் பரீட்சை எழுதணும். அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75, அசைன்மென்ட்ல 10, பரீட்சையில 30 குறைஞ்சபட்சம் எடுத்தாதான் சர்டிஃபிகேட்டே வரும்.

உங்களுக்கு சிக்கல் எங்க வந்திருக்கும்னா, கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி காலேஜ் கிட்ட அனுமதி வாங்கியிருக்க மாட்டீங்க. "அனுமதிக்கலாம்"னுதான் விதி சொல்லுது, அனுமதிச்சே ஆகணும்னு சொல்லல. உங்க பாடத்துல எந்த பேப்பருக்கு பதிலா அந்த கோர்ஸ், எத்தனை கிரெடிட்னு டிபார்ட்மென்ட் முன்கூட்டியே முடிவு பண்ணி லிஸ்ட் போட்டிருக்கணும், அந்த லிஸ்ட்ல இல்லாத கோர்ஸுக்கு பின்னாடி கிரெடிட் குடுக்குறது கஷ்டம். வேலைக்கு போறப்ப அந்த சர்டிஃபிகேட் உங்களுக்கு கை குடுக்கும், அது வீண் இல்ல. அடுத்த செமஸ்டருக்கு ஜனவரிலயோ ஜூலைலயோ கோர்ஸ் திறக்குறப்ப முதல்ல லிஸ்ட் கேட்டு வாங்குங்க, அப்புறம் சேருங்க.

கேள்வி: மணலில கம்பெனி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். கரஸ்ல எம்.ஏ. பண்ணினா அதுவும் ரெகுலர் மாதிரியே கிரெடிட் கணக்கா? பின்னாடி மதிப்பாங்களா?
— வாசகர், மணலி

மதிப்பாங்க சார். 2020ல வந்த யூஜிசி ரெகுலேஷன்லயே, அங்கீகாரம் உள்ள தொலைதூர டிகிரியும் ஆன்லைன் டிகிரியும் ரெகுலர் டிகிரிக்கு சமம்னு எழுதியிருக்கு. அங்கயும் கிரெடிட்தான், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர படிப்புன்னு கணக்கு, பிஜிக்கு குறைஞ்சது ரெண்டு வருஷம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி யூஜிசி தொலைதூரக் கல்வி பிரிவோட வெப்சைட்ல அந்த யுனிவர்சிட்டியும், நீங்க சேரப்போற அதே பாடமும், அந்த வருஷ அனுமதியும் இருக்கான்னு உங்க கண்ணால பாருங்க, ஏஜென்ட் பேச்சை நம்பி மூலக்கடையில ஒரு மாடியில பணம் கட்டிட்டு வந்துடாதீங்க. இப்போ சேர்றதுக்கு அந்த பிரிவோட டெப் ஐடின்னு ஒரு மாணவர் நம்பரை நீங்களே எடுக்கணும், அதுக்கு ஏபிசி ஐடி, அதாவது கிரெடிட் சேர்த்து வெக்கிற வங்கியோட கணக்கு நம்பர் வேணும். நம்ம ஊர்லயே சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டி தொலைதூரக் கல்வி இருக்கு, சைதாப்பேட்டையில தமிழ்நாடு திறந்தநிலை பல்கலைக்கழகம் இருக்கு, ரெண்டும் அரசு யுனிவர்சிட்டி, முதல்ல அங்க போய் விசாரிங்க.

கேள்வி: வெளிநாட்டுல எம்.எஸ். பண்ண ஆசை. அமெரிக்காவுல 30 கிரெடிட் போதும்னு சொல்றாங்க, இங்க எங்க அண்ணன் 90 கிரெடிட் படிச்சான். அப்போ அங்க ஈஸியா? இங்க பாதி படிச்சு அந்த கிரெடிட்டை அங்க கொண்டு போக முடியுமா?
— மாணவி, ராயபுரம்

ஈஸி இல்லம்மா, ஒவ்வொரு நாட்டுலயும் கிரெடிட்டோட எடை வேற வேற, ரூபாயையும் டாலரையும் நம்பரை மட்டும் வெச்சு ஒப்பிட முடியாத மாதிரிதான் இதுவும். அமெரிக்காவுல ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் க்ளாஸ், அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் நீங்களா படிக்கணும், இப்படி ஒரு செமஸ்டர் சுமார் 15 வாரம். ஒரு கோர்ஸ் பெரும்பாலும் 3 கிரெடிட், 30 கிரெடிட்னா பத்து கோர்ஸ், சில பாடத்துக்கு 36ம் அதுக்கு மேலயும் கேப்பாங்க. மணி நேரமா மாத்தினா ஆயிரத்து முந்நூறு தாண்டும். இங்கிலாந்துல மாஸ்டர்ஸுக்கு 180 கிரெடிட், ஒண்ணுக்கு 10 மணி நேரம்னு கணக்கு, ஆக 1800 மணி நேரம், அதை ஒரே வருஷத்துல முடிக்கணும், அதுல 60 கிரெடிட் பெரும்பாலும் ஆய்வு கட்டுரைக்கே போயிடும். ஜெர்மனில வருஷத்துக்கு 60ன்னு ரெண்டு வருஷத்துக்கு 120, ஒண்ணுக்கு 25ல இருந்து 30 மணி நேரம், அதாவது மூவாயிரத்துக்கு மேல. பாருங்க, நம்பர் சின்னதோ பெருசோ அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.

அமெரிக்காவுல கிரெடிட் சேர்த்தா மட்டும் போதாது, மொத்தத்துல பி சராசரி, 4க்கு 3.0 இருக்கணும்னு கேக்குற இடங்கதான் நிறைய. ஸ்டூடன்ட் விசால போறவங்க ஒவ்வொரு செமஸ்டரும் முழு நேர படிப்புக்கு உண்டான கிரெடிட் எடுத்தே ஆகணும், பிஜில அது பல இடத்துல 9. பகுதி நேர வேலை பாத்துக்கிட்டு ரெண்டு கோர்ஸ் மட்டும் எடுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, விசா போயிடும். இங்க படிச்ச கிரெடிட்டை கொண்டு போறதுக்கு எல்லா இடத்துலயும் கெடுபிடி உண்டு, ரெண்டு மூணு கோர்ஸ் அளவுக்குதான் ஒத்துக்குவாங்க, அதுவும் ஏற்கனவே ஒரு டிகிரி வாங்க பயன்படுத்தின கிரெடிட்டா இருந்தா பெரும்பாலும் எண்ண மாட்டாங்க. அதனால இங்க பாதியில விட்டுட்டு போற யோசனை வேண்டாம், ஒண்ணு முழுசா முடிங்க, இல்ல யூஜி முடிச்சதுமே அங்க அப்ளை பண்ணுங்க. மூணு வருஷ பி.எஸ்சி.யை ஏத்துக்குவாங்களான்னு ஒவ்வொரு யுனிவர்சிட்டி கிட்டயும் தனித்தனியா மெயில் போட்டு கேக்கணும். ஜெர்மனிக்கு இன்னும் ஒரு விஷயம், யூஜில கணக்கு பாடத்துல இத்தனை கிரெடிட், ப்ரோகிராமிங்ல இத்தனைன்னு பிரிச்சு கேப்பாங்க. அதனால உங்க யூஜி சிலபஸை, ஒவ்வொரு பேப்பருக்கும் எத்தனை மணி நேரம்னு இருக்குற பக்கத்தோட, காலேஜ் சீல் வாங்கி இப்பவே எடுத்து வைங்க. 2022 நவம்பர்ல இருந்து அங்க போற இந்திய மாணவர்களுக்கு, நம்ம படிப்பு சான்றிதழ் உண்மைதான்னு சரிபார்த்து குடுக்குற ஏபிஎஸ் சர்டிஃபிகேட்டும் கட்டாயம்.

கேள்வி: பிஎச்டி சேரப் போறேன், அதுலயும் கிரெடிட் உண்டா?
— வாசகர், பெரம்பூர்

உண்டு. 2022 யூஜிசி ரெகுலேஷன்படி கோர்ஸ் ஒர்க் குறைஞ்சது 12 கிரெடிட், ஆய்வு நெறிமுறை பத்தின பேப்பரும் அதுக்குள்ள கட்டாயம், 55 சதவீதம் எடுத்தாதான் தீசிஸ் வரைக்கும் போக முடியும். எம்.ஃபில். அந்த ரெகுலேஷனோட நின்னு போச்சு, அதை யாராவது இப்போ புதுசா சேர்த்துக்கிறோம்னு சொன்னா சேராதீங்க.

கேள்வி: எம்.எஸ்சி. ஒரு வருஷம் முடிச்சேன், ரெண்டு செமஸ்டரும் பாஸ். கல்யாணம், குழந்தைன்னு நின்னுட்டேன், மூணு வருஷம் ஆச்சு. அந்த கிரெடிட் எல்லாம் செத்துப் போச்சா அக்கா? திரும்ப முதல்ல இருந்து படிக்க வீட்டுல விட மாட்டாங்க.
— வாசகி, எண்ணூர்

சாகலைம்மா. உங்க லெட்டரை படிச்சப்போ இதுக்கு நல்ல பதில் சொல்ல முடியுதேன்னு நிம்மதியா இருந்துச்சு. யூஜிசி பொதுவா சொல்ற கணக்கு, படிப்போட காலம் போக இன்னும் ரெண்டு வருஷம். ரெண்டு வருஷ பிஜின்னா சேர்ந்த தேதியில இருந்து நாலு வருஷம். நீங்க படிச்சது ஒரு வருஷம், நின்னது மூணு, அப்போ விளிம்புல நிக்கிறீங்க, பாக்கி ரெண்டு செமஸ்டரை முடிக்க கூடுதல் டைமும் கேக்க வேண்டியிருக்கும், அதனாலதான் சொல்றேன், இதை படிச்ச வாரமே கிளம்புங்க. பல யுனிவர்சிட்டி இதைவிட கூடுதல் டைம் குடுக்குறாங்க, அப்பப்போ பழைய மாணவர்களுக்கு சிறப்பு வாய்ப்பும் அறிவிக்கிறாங்க, ஆனா அதை நம்பி உக்கார வேண்டாம்.

முதல்ல படிச்ச காலேஜுக்கே போங்க. ரெண்டு செமஸ்டர் மார்க் ஷீட், பழைய ஐடி கார்டு, ஏன் நின்னீங்கன்னு ஒரு லெட்டர், இவ்ளோ போதும். மூணாவது செமஸ்டர்ல திரும்ப சேர்த்துக்க கேளுங்க, ரீ-அட்மிஷன்னு சொல்லுவாங்க, யுனிவர்சிட்டி ஒப்புதலும் வேணும். இடையில சிலபஸ் மாறியிருந்தா சமமான பேப்பர் எதுன்னு பாத்து சொல்லுவாங்க, ஒண்ணு ரெண்டு பேப்பர் கூடுதலா எழுத வேண்டி வரலாம், முழு வருஷமும் திரும்ப படிக்க வேண்டியதில்ல. அதோட டிஜிலாக்கர்ல போயி ஏபிசி ஐடி எடுங்க, 12 இலக்க நம்பர் வரும், உங்க காலேஜ் கிரெடிட்டை அதுல ஏத்தியிருக்கான்னு பாருங்க. 2021ல வந்த இந்த கிரெடிட் வங்கியில ஏறின கிரெடிட் அதிகபட்சம் ஏழு வருஷம் வரைக்கும் செல்லும். வேற காலேஜுக்கு மாறணும்னா அது உதவும், ஆனா டிகிரி குடுக்குற இடத்துலயே பாதி கிரெடிட்டாவது படிச்சிருக்கணும்னு ஒரு நிபந்தனை இருக்கு.

வீட்டுல பேசுறப்போ "திரும்ப காலேஜ்"னு ஆரம்பிக்காதீங்க, பாதி முடிஞ்சிருக்கு, இன்னும் ரெண்டு செமஸ்டர்தான் பாக்கின்னு மார்க் ஷீட்டை கையில வெச்சுக்கிட்டு சொல்லுங்க. போறப்போ குழந்தையை யார் பாத்துக்குவாங்கன்னு முன்னாடியே ஏற்பாடு பண்ணிடுங்க, ஒரு நாள்ல வேலை முடியாது, ரெண்டு மூணு தடவை அலைய வேண்டியிருக்கும். ஆபீஸ்ல மதியத்துக்கு மேல போனா ஆள் கிடைக்கிறது கஷ்டம், காலையில சீக்கிரமே கிளம்பிடுங்க. ரீ-அட்மிஷனுக்கு கடைசி தேதி எப்போன்னு கேட்டுட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க, லெட்டர் எப்படி எழுதணும்னு தெரியலைன்னா மாதிரி அனுப்பி வெக்கிறேன்.